இடது காது

தொண்ணூற்று நான்கு. தொறிங்டன் உள்ளரங்கு.
தெரிவுப் போட்டியின் இரண்டாம் சுற்றில்
ஒரு பொலிஸ்காரனின் முழங்கைக்கும் மெத்தைக்கும் நடுவில்
என் இடது காது நசிந்தது.
இரத்தம் கட்டி, இறுகி,
இப்போது அது
பிழிந்து எறிந்த தோடம்பழத் தோல்.

அந்தக் காது கேட்காது என்று
பையன்கள் தாங்களாகவே முடிவு செய்தார்கள்.
யார் தொடக்கியது என்று தெரியாது.
நானும் திருத்தவில்லை.
மல்யுத்தக் கோச்சுக்கு இதைவிட நல்ல கருவி
எந்தக் கடையிலும் விற்பதில்லை.

மாலை ஐந்தரைக்கு மெத்தை சுருட்டும்போது
ஒவ்வொருத்தனாக என் இடப்பக்கம் வருவான்.
'சேர், அப்பா திரும்பக் குடிக்கிறார்.'
'காலைல ஒண்டும் திங்கல்ல சேர்' – மாளிகாவத்தை றிஃப்கான்.
கவிஷ்க சிங்களத்தில் சொன்னான்,
பயம் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொல்.
நான் சுவரைப் பார்த்தபடி
'கயிறை இறுக்கிக் கட்டு' என்பேன்.
மறுநாள் றிஃப்கானின் பைக்குப் பக்கத்தில்
இரண்டு மாலு பாண் இருக்கும்.
யார் வைத்தது என்று அவன் கேட்டதில்லை.

இதை என் 'முறை' என்று
பயிற்சியாளர் கருத்தரங்கு ஒன்றில் பேசியும் இருக்கிறேன்,
காதைப் பற்றிச் சொல்லாமல்.

இனி டினோஜன்.
மட்டக்குளி. ஐம்பத்தேழு கிலோ.
ஒற்றைக்கால் பிடிக்கு அவன் உள்ளே நுழைந்தால்
எதிராளி தன் காலை
பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவன் மாதிரித் தேடுவான்.
அகில இலங்கைப் போட்டிக்கு மூன்று நாள் இருக்க
எடை அறுபது.
'பார்த்துக்கொள்' என்றேன்.
அந்தச் சொல் எத்தனை கிலோ என்று
இன்னும் நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பில் பொலித்தீன் சுற்றி
வெள்ளவத்தையிலிருந்து தண்டவாள ஓரமாக
பம்பலப்பிட்டி வரை ஓடினான். திரும்பினான். மறுபடி ஓடினான்.
பக்கத்தில் அவ்வளவு தண்ணீர், கடலாக.
கடைசி இரவு என் இடப்பக்கம் வந்தான்.
'சேர், ரெண்டு நாளா தண்ணி குடிக்கேல்ல.
மூத்திரம் தேத்தண்ணி மாதிரிப் போகுது.'

கேட்டது.
ஓர் எழுத்தும் தவறாமல் கேட்டது.
பதினொரு வருடமாகக் கல்லூரிக்குத் தங்கம் இல்லை,
அதிபர் அன்றைக்கு இரண்டு தரம் போன் எடுத்திருந்தார்.
'விடிய நேரத்துக்கு வா' என்றேன்,
செவிடன் மாதிரி.

தராசு ஐம்பத்தேழு காட்டியது.
கைதட்டினோம். நான்தான் முதலில் தட்டினேன்.
ஆட்டத்தின் நாற்பதாவது விநாடியில்
யாரும் தொடாமலே மண்டியிட்டான்.

பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள்.
வகுப்புக்குத் திரும்பினான், மெத்தைக்கு வரவில்லை.
விலகல் கடிதம் மூன்று தரம் எழுதினேன்.
மூன்று தரமும் ஐந்தரை ஆகிவிட்டது,
எழும்பிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு என்னிடம் எவனும் எடை குறைப்பதில்லை.
மேல் பிரிவில் மோதட்டும், தோற்கட்டும்,
தோற்றவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னட்டும்.
பையன்களை வட்டமாக இருத்திச் சொன்னேன்:
'இந்தக் காது கேட்கும். எப்போதும் கேட்டது.'
நான்கு மாதம்
எவனும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
மெத்தை சுருளும் சத்தம் மட்டும்.
பிறகு எட்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன்
முகத்துக்கு நேரே வந்து
'சேர், உங்களில எனக்குக் கோவம்' என்றான்.
காரணம் ஒரு புள்ளி. அவன் சொன்னது சரி.
அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

போன கிழமை டினோஜன் வந்தான்.
ஆமர் வீதியில் முச்சக்கரவண்டி உதிரிப்பாகக் கடை,
வயிறு கொஞ்சம் முன்னால்.
மெத்தை ஓரத்தில் சப்பாத்தைக் கழற்றினான்,
அது மறக்கவில்லை.
ஒரு கணம் நின்று யோசித்து
என் வலப்பக்கம் வந்தான்.
'எண்பத்தாறு கிலோ சேர்.'
'கேட்டது' என்றேன்.
மெத்தையின் மற்ற முனையை அவன் பிடித்தான்.
சுருட்டினோம். கோணலாகத்தான் வந்தது,
அவன் பக்கம் வேகம் கூட.